முடியா, புடியா?

காதுக்கு வாங்கிய கருவியைக் கழற்றிப் பட்டன் டப்பாவுக்குள் போட்டு, மூடியையும் அழுத்தி மூடிவிட்டு டெய்லரம்மா படுக்கப் போனதோடு போன வாரம் விட்டிருந்தோம். கோபத்தில் போட்டாள் என்று நினைத்திருப்பீர்கள். கோபம்தான். ஆனால் தொலைந்துபோகிற இடத்தில் போடவில்லை. தையல் வேலை செய்கிறவள் வீட்டில் எது காணாமல் போனாலும் பட்டன் டப்பா காணாமல் போகாது.

விடிந்ததும் டப்பாவை மேஜைமேல் கவிழ்த்தாள். சட்டைப் பட்டன், கோட்டுப் பட்டன், கொக்கி, ஜோடி பிரிந்த அழுத்துப் பட்டன் எல்லாவற்றுக்கும் நடுவில் கருவி சமர்த்தாகப் படுத்திருந்தது. கண்ணாடி முன் நின்று காதில் மாட்டினாள். உடனே வீடு மொத்தமும் இரைந்தது. குழாய்த் தண்ணீர் இரைந்தது, பாத்திரம் இரைந்தது, பேத்தி தரையில் தேய்த்துத் தள்ளிய பிளாஸ்டிக் லாரி எல்லாவற்றுக்கும் மேலே இரைந்தது.

"எல்லாம் கேக்குது, பேச்சத் தவிர" என்று காது பார்க்கும் பெண்ணிடம் அவள் குறைப்பட்டுக்கொண்டது இதைத்தான். பழகப் பழக மூளை பிரித்துக்கொள்ளும், கழற்றி வைத்தால் பழகாது என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொல்லியிருந்தாள். பழகியே தீருவது என்று டெய்லரம்மா அன்று காலை முடிவு கட்டினாள். முரண்டு பிடித்த எத்தனையோ துணியை வழிக்குக் கொண்டுவந்தவள், இந்தச் சுண்டைக்காய்க் கருவியிடம் தோற்பதா என்று அவளுக்கு ரோஷம்.

சமையலறை ஜன்னலோரம் அவள் கணவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். ஆயுசு முழுக்க பஸ் ஓட்டியவர். யாரோடு பேசினாலும் கண் ரோட்டில் இருக்க வேண்டிய வேலை. ஓய்வு பெற்றும் அந்தப் பழக்கம் ஓய்வு பெறவில்லை. சுவரைப் பார்த்துப் பேசுவார், ஜன்னலைப் பார்த்துப் பேசுவார், பெண்டாட்டி முகத்தை மட்டும் பார்த்துப் பேசமாட்டார்.

போதாததற்கு மீசை வேறு. மேலுதட்டை மொத்தமாக விழுங்கி, கீழுதட்டுக்கும் குடை பிடிக்கிற மீசை. தெருவில் அவருக்கு மீசைக்காரர் என்றுதான் பெயர். "ஐயா மீசையக் கொஞ்சம் கத்தரிச்சுக்கிட்டா அம்மாவுக்கு உதடு தெரியும்" என்று காது பார்க்கும் பெண் சொன்னபோது, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனவர் அவர்.

ஜன்னலைப் பார்த்து ஏதோ சொன்னார். மீசை அசைந்தது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல."

இந்த உலகத்திலேயே டெய்லரம்மாவுக்கு மிக நன்றாகப் புரிகிற சொல் அதுதான். எவ்வளவு வேகமாகச் சொன்னாலும், பாதி வாயில் சொன்னாலும், மீசைக்குப் பின்னாலிருந்து சொன்னாலும் தப்பாது. பார்த்துப் பார்த்து அவ்வளவு பழக்கம். முன்பெல்லாம் என்ன என்று கேட்டால் திரும்பச் சொல்வார்கள், மறுபடி கேட்டால் கத்துவார்கள், அதற்கும் மேலே போனால்தான் ஒண்ணுமில்ல. இப்போது வீட்டில் எல்லோரும் நேரே அங்கேயே வந்து இறங்கிவிடுகிறார்கள்.

அவர் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அது அவளுடைய போன். போனில் பேச்சு பிடிபடாமல் போனதிலிருந்து அவர்தான் அதை எடுக்கிறார். எழுந்து வாசல் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார். 'இடம்' என்ற ஒரே சொல் கருவி வழியாக வந்து விழுந்தது. மிச்சமெல்லாம் பேத்தியின் லாரிக்கு அடியில் போயிற்று.

"யாரு போன்ல? எந்த இடம்?"

அவர் திரும்பி வாயைத் திறந்தார்.

"சொல்லாதீங்க. எனக்கே தெரியும். ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு அவள் கடைச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

கடை அடுத்த தெருவில் இருந்தது. முன்னால் வெட்டு மேஜையும் ஆளுயரக் கண்ணாடியும். தடுப்புக்குப் பின்னால் இரண்டு மெஷின். அளவெடுப்பதும் வெட்டுவதும் வந்தவர்களோடு பேசுவதும் முன்னால், தைப்பது பின்னால். முன்னால் நிற்கிறவள் டெய்லர், பின்னால் உட்காருகிறவள் தைக்கிற ஆள். கடை வைத்த நாளிலிருந்து டெய்லரம்மா முன்னால்தான் நின்றாள். மருமகள் வந்த பிறகு பின்னால் ஒரு மெஷின் அவளுக்காயிற்று.

கதவைத் திறந்து, மருமகளும் வந்து பின்னால் மெஷினில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே மருந்துக்கடைப் பெண் வந்தாள். மறுநாள் காலை ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு நேர்காணல். அதற்காகத் தைக்கக் கொடுத்த கருநீலக் கோட்டு தயாராகத் தொங்கியது. உள்துணி போட்டு மூடி, பட்டன் வைத்து, இஸ்திரியும் ஆகியிருந்தது. அவள் ஆசையாகப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். முகம் தொங்கிப் போயிற்று.

"என்னக்கா இது, தொளதொளன்னு இருக்கு? புடிச்சுடுங்கன்னு சொல்லிட்டுத்தானே போனேன்."

டெய்லரம்மா அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "முடிச்சுட்டேனே" என்றாள்.

"புடிக்கவே இல்லையே."

"முடிக்கலையா? பட்டன் வரைக்கும் வெச்சாச்சு. இன்னும் என்ன முடிக்கணும்?"

"பட்டன் இல்லக்கா, இடுப்பு. இடுப்புல புடிச்சுடுங்கன்னேன். நீங்களும் சரி சரின்னு தலையாட்டினீங்க."

"நீங்க முடிச்சுடுங்கன்னீங்க. நான் முடிச்சுட்டேன்."

இருவரும் ஒரே சொல்லைச் சுற்றிக் கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டு மருமகள் பின்னாலிருந்து ஓடி வந்தாள். ஓடி வந்தவள் முதலில் செய்தது, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பியது. இரண்டு பேரும் டெய்லரம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார்கள்.

அந்தப் பக்கம் கண்ணாடி இருக்கிறது என்பது இருவருக்கும் நினைவில்லை. கண்ணாடிக்குள் இரண்டு முகமும் பளிச்சென்று தெரிந்தன.

"அவங்களுக்குக் காது கேக்காதா?"

"இல்ல, அத்தைக்குக் கொஞ்ச நாளா உடம்பு சரியில்ல. அதான்."

"நாளைக்கு இன்டர்வியூங்க. நான் வேற கடையில குடுத்துக்கறேன்."

டெய்லரம்மாவுக்கு முகம் சுட்டது. காது போனதைவிட, போனதை மறைக்க மருமகள் பொய் சொல்ல வேண்டி வந்ததுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது. எத்தனை நாளாக இப்படிச் சிரித்துத் தலையாட்டியே காலம் தள்ளியிருக்கிறாள். புரிந்த மாதிரி ஒரு சிரிப்பு, சரி சரி என்று ஒரு தலையாட்டல். அந்தத் தலையாட்டல்தான் இன்று கோட்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் போய் ஃபேனை நிறுத்தினாள். பின்னால் ஓடிக்கொண்டிருந்த ரேடியோவை நிறுத்தினாள். தெரு இரைச்சல் வராமல் கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். பிறகு அந்தப் பெண்ணை மெல்லத் தோளைத் தொட்டு ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

"எனக்குக் காது சரியா கேக்காதும்மா. உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு, காதுதான். நீங்க வெளிச்சத்துல நின்னு, என் முகத்தப் பாத்து பேசினா எனக்குப் புரியும். கத்த வேண்டாம். கத்தினா வாய் கோணிக்கும், அப்புறம் ஒண்ணும் தெரியாது."

சொன்ன பிறகுதான் தான் சொல்லிவிட்டது அவளுக்கே உறைத்தது. இதுவரை எந்த வாடிக்கைக்காரரிடமும் அவள் இதைச் சொன்னதில்லை. மருமகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். கடை அப்படியேதான் இருந்தது, கூரை இடிந்து விழவில்லை.

மருந்துக்கடைப் பெண் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறினாள். "நாங்களும் கடையில இந்த மாதிரி நெறைய பேர பாக்கறோம்க்கா" என்றாள், இந்த முறை நிதானமாக, முகத்தைப் பார்த்து. "ஆனா எனக்கு நாளைக்குக் காலையில இது வேணுமே."

"வேணும். குடுக்கறேன். அன்னிக்கு என்ன சொன்னீங்கன்னு வார்த்தையா சொல்லாதீங்க, கையால காட்டுங்க."

அவள் இடுப்புக்கு இரண்டு பக்கமும் துணியைக் கொத்தாகப் பிடித்துக் காட்டினாள்.

டெய்லரம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "புடிக்கணுமா? அட கடவுளே. வாசப்படியில நின்னு சொன்னீங்க, தெருவுல ஸ்கூட்டர் போயிட்டிருந்தது. நான் முடிக்கணும்னு எடுத்துக்கிட்டேன்." வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டு மளமளவென்று வேலையில் இறங்கினாள். ஊசிகளை எல்லாம் குத்தி முடித்த பிறகு நிமிர்ந்தாள். "நான் திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்க. இடுப்புல ரெண்டு பக்கமும் இவ்வளவு புடிக்கணும். கை நீளம் இருக்கறபடியே இருக்கட்டும். இன்னிக்குக் கடை மூடறதுக்குள்ள வேணும்."

அந்தப் பெண் தலையாட்டினாள்.

"தலையாட்டாதீங்க, வாயால சொல்லுங்க. தலையாட்டித் தலையாட்டித்தான் நானே இந்த நெலமைக்கு வந்தேன்."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரிக்கா. வேலைய முடிச்சுட்டு வரேன்" என்று உதட்டைத் தெளிவாகப் பிரித்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

உள்துணியைப் பிரிப்பது தைப்பதைவிடப் பெரிய வேலை. மாமியாரும் மருமகளும் கோட்டை நடுவில் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் தையலை அறுத்தார்கள். இருவருக்கும் நடுவில் ஓர் இறுக்கமும் இருந்தது. மருமகள்தான் முதலில் அதை உடைத்தாள். டெய்லரம்மாவின் முழங்கையைத் தொட்டு, அவள் நிமிர்ந்து பார்த்த பிறகு பேசினாள்.

"அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே நீங்க பின்னாடி மெஷின்ல இருங்க. முன்னாடி நான் பாத்துக்கறேன்."

"ஏன்?"

"உங்களுக்கு எதுக்கு இந்த அவஸ்த? வர்றவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் காது கேக்காதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பீங்களா?"

"சொல்லுவேன். வாய் வலிக்கற வரைக்கும் சொல்லுவேன்."

"உங்களப் பாத்து யாராவது சிரிச்சா எனக்குத் தாங்காது."

"சிரிக்கட்டும். நீ உடம்பு சரியில்லன்னு சொன்னியே, எனக்கு அதுதான் தாங்கல." டெய்லரம்மாவுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. எவ்வளவு உயர்ந்தது என்று அவளுக்குத் தெரியாது, எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்ததிலிருந்து ஊகித்தாள். "என்னப் பின்னாடி தள்ளிட்டா எனக்கு அப்புறம் வேல இருக்கும், கடை இருக்காது. புரியுதா?"

மருமகளின் கண் கலங்கியது. நூலை அறுக்கிற சாக்கில் குனிந்து ஏதோ முணுமுணுத்தாள்.

"என்ன சொன்ன?"

"ஒண்ணு..." என்று ஆரம்பித்தாள்.

"அந்த வார்த்த இனிமே இந்தக் கடையில கூடாது" என்றாள் டெய்லரம்மா. "எது வேணா சொல்லு, திட்டு, நாலு தடவ சொல்லு, கையால காட்டு. அது மட்டும் சொல்லாத. அதச் சொன்னா என் மூஞ்சியில கதவச் சாத்தற மாதிரி இருக்கு."

மருமகள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு நிமிர்ந்து, முகத்தைக் காட்டி, தெளிவாகச் சொன்னாள். "உங்ககூட முடியாதுன்னு சொன்னேன்."

"என்கூட புடியாதா? எத?"

ஒரு கணம் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மருமகள் கோட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். அத்தையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஆளுயரக் கண்ணாடி முன் நிறுத்தினாள். கண்ணாடியில் தன் வாயைத் தானே பார்த்துக்கொண்டு சத்தம் வராமல் சொன்னாள். முடி. புடி. முடி. புடி.

"அத்தை, எனக்கே வித்தியாசம் தெரியல. ரெண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் ஒட்டிப் பிரியுது."

அப்புறம் கோட்டை யார் பார்த்தார்கள். இரண்டு பேரும் கண்ணாடி முன் நின்று ஒவ்வொரு சொல்லாகப் போட்டுப் பார்த்தார்கள். படியும் மடியும் ஒன்று. பட்டனும் மட்டனும் ஒன்று. மருமகள் திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மாமாவும் பாப்பாவும் ஒண்ணு அத்தை."

"அதான் நேத்து," என்றாள் டெய்லரம்மா மெதுவாக, "பாப்பாவக் குளிப்பாட்டிட்டீங்களான்னு நீ கேட்டப்ப, எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. இந்த வயசுல உங்க மாமாவ நான் எதுக்குக் குளிப்பாட்டணும்னு."

இருவரும் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் டெய்லரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை நாளாகத் தனக்குப் புத்திதான் மழுங்கி வருகிறதோ என்று அவள் உள்ளுக்குள் பயந்திருந்தாள். கண்ணாடியும் அதே தப்பைச் செய்கிறது என்று தெரிந்ததில் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

"அப்ப எப்படித்தான் கண்டுபுடிக்கறது?" என்றாள் மருமகள். மறுபடி மறுபடி சொல்லிப் பார்த்தாள். ம, ப, ம, ப. சொல்லும்போது கை தானாக மூக்குக்குப் போயிற்று. "இங்க பாருங்க. ம சொன்னா மூக்கு அதிருது. ப சொன்னா அதிரல. பள்ளிக்கூடத்துல மூக்கால சொல்ற எழுத்துன்னு படிச்சோமே, அதான்."

டெய்லரம்மா அவள் மூக்கின்மேல் விரலை வைத்துப் பார்த்தாள். அதிர்ந்தது. கருவி கொடுக்காத எழுத்தை விரல் கொடுத்தது.

"அப்ப இப்படி வெச்சுக்கலாம். ம வந்தா மூக்கத் தொடு. தொடலேன்னா ப."

"வர்ற கஸ்டமரெல்லாம் மூக்கத் தொடுவாங்களா?"

"அவங்க தொட வேண்டாம். நான் திருப்பிக் கேப்பேன், முடியா புடியான்னு. நீயும் வீட்டுல இருக்கறவங்களும் தொட்டாப் போதும்."

மருமகள் சிரித்துக்கொண்டே கோட்டைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் தைக்கவில்லை. ஊசியைப் பிடித்தபடி அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, உங்ககிட்ட ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். "மாமாவே சொல்லுவாரு." சொல்லும்போது மறக்காமல் மூக்கைத் தொட்டாள். ஆக பாப்பா இல்லை, மாமாதான்.

வெளிச்சம் இறங்கத் தொடங்கியதும், பாப்பாவைப் பார்க்க மருமகள் கிளம்ப வேண்டிய நேரம் வந்தது. அவள் தயங்கினாள். "நான் இருக்கட்டுமா? அந்தப் பொண்ணு வரும்போது நீங்க தனியா..."

"நீ கெளம்பு" என்றாள் டெய்லரம்மா.

மருந்துக்கடைப் பெண் வேலையிலிருந்து நேரே ஓடி வந்தாள். முகத்தில் மாஸ்க். அதற்குள்ளிருந்து ஏதோ சொன்னாள், துணி உப்பி அடங்கியது. பழைய டெய்லரம்மாவாக இருந்தால் இதற்கும் ஒரு சரி சரி போட்டிருப்பாள்.

"அதக் கொஞ்சம் எறக்குங்கம்மா. எனக்கு உங்க வாய் வேணும்."

அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டு கழற்றினாள். கோட்டைப் போட்டுக்கொண்டாள். முன்பக்கம் பார்த்தாள், பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள், முதுகைப் பார்க்கக் கழுத்தை வளைத்தாள். டெய்லரம்மா அவள் உதட்டையே பார்த்தாள்.

"ரொம்பப் புடிச்சிருக்கு."

ரொம்ப இறுக்கிவிட்டோமோ என்று டெய்லரம்மா பதறினாள். முடியா புடியா என்று கேட்டு, புடிதான் என்று உறுதி செய்துகொண்டாள். "எங்க புடிக்குது? தோள்லயா, இடுப்புலயா? கையத் தூக்குங்க பாப்போம்."

"ஐயோ, கோட்டு புடிக்கலக்கா. எனக்குப் புடிச்சிருக்கு. எனக்கு, எனக்கு" என்று அந்தப் பெண் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

இது காதின் குற்றமில்லை, தமிழின் குற்றம். நல்ல காது உள்ளவர்களும் இந்த இடத்தில் விழுந்திருப்பார்கள். டெய்லரம்மா விழுந்ததைப் பற்றிக் கவலைப்படாமல் சிரித்தாள்.

போகும்போது அந்தப் பெண் வாசல்வரை போய்விட்டு, எதையோ நினைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் நின்றாள். "என் தங்கச்சிக்கும் ஒரு கோட்டு தைக்கணும். அடுத்த வாரம் கூட்டிட்டு வரேன். அவ ரொம்ப வேகமாப் பேசுவா, நான் சொல்லி வெக்கறேன்."

"தங்கச்சிக்குக் கோட்டு. அடுத்த வாரம். வேகமாப் பேசுவா, நீங்க சொல்லி வெப்பீங்க" என்று திருப்பிச் சொன்னாள் டெய்லரம்மா. ஒரு சொல் தப்பவில்லை. கதவைப் பூட்டும்போது பூட்டு விழுந்த சத்தம்கூடக் காதில் தெளிவாக விழுந்தது. அவள் நடையில் ஒரு மிடுக்கு வந்திருந்தது.

வீட்டுக்குள் நுழைந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். கூடத்தில் அவள் கணவர் உட்கார்ந்திருந்தார், ஜன்னலைப் பார்த்து அல்ல, வாசலைப் பார்த்து. மீசை இருந்தது, ஆனால் கோடு போட்ட மாதிரி உதட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. அதற்குக் கீழே, வருஷக்கணக்காக வெயில் படாத மேலுதடு வெளுப்பாகத் தெரிந்தது.

டெய்லரம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "இந்த உதட்டையா இத்தன நாள் ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

"சலூன்காரன் ரெண்டு தடவ கேட்டான், நெஜமாவான்னு" என்றார் அவர். அத்தனையும் புரிந்தது. அவர் வாய் இப்படியா அசையும் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. கல்யாணமான புதிதில் பார்த்த வாய். அவர் மேல் பொங்கி வந்த அன்பை என்ன செய்வதென்று தெரியாமல் பையைத் தரையில் வைத்தாள்.

"மருமக எல்லாம் சொன்னா. மூக்கு சமாச்சாரமும் சொன்னா." அவர் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பஸ் ஓட்டுகிறவர் வளைவில் திரும்பும் முன் ஒரு மூச்சு எடுப்பது போல எடுத்தார். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். மொகத்தப் பாத்து சொல்லணும்னுதான் உக்காந்திருக்கேன்."

"சொல்லுங்க."

"கடை இடம் இருக்குல்ல. கட்டட ஓனர் போன்ல கேட்டுக்கிட்டே இருந்தாரு. அவர்கிட்ட பேசி..."

அடுத்த சொல்லில் உதடுகள் ஒட்டிப் பிரிந்தன, முதல் எழுத்து மட்டும் பிடிபடவில்லை. டிச்சுட்டேன்.

டெய்லரம்மாவின் மனசு முதலில் நல்ல பக்கமாகத்தான் ஓடியது. ஓனர் இடத்தை வேறு யாருக்கோ விடப் பார்த்திருக்கிறார், இவர் பேசிப் பிடித்துவிட்டார். மீசையைக் கத்தரித்ததும் அந்தச் சந்தோஷத்தில்தான். சரி சரி என்று தலையாட்ட அவள் தலை பாதி அசைந்துவிட்டது. அதை அப்படியே நிறுத்தினாள். அன்றைக்குப் பூராவும் பட்ட பாடு அதற்குத்தானே.

"முடியா, புடியா?"

அவர் அவளைப் பார்த்தார். கண்ணை ஜன்னல் பக்கம் கொண்டுபோகவில்லை. வலது கை மடியிலிருந்து மெதுவாக எழுந்தது. ஒரு விரல் மூக்கைத் தொட்டது.

பேசி முடிச்சுட்டேன்.

"இந்த மாசத்தோட காலி பண்ணித் தரேன்னு சொல்லிட்டேன்" என்றார். "உன்ன யாரும் ஒரு வார்த்த சொல்லிடக் கூடாதுன்னுதான் செஞ்சேன். நான் மட்டும் முடிவு பண்ணல."

இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவர் பேச்சில் ஒரு எழுத்துகூட அவளுக்குத் தப்பவில்லை. தப்பியிருக்கக் கூடாதா என்று ஒரு நொடி ஏங்கினாள். கடை போனால் தனக்குக் காது இருந்தும் பயனில்லை, கருவி இருந்தும் பயனில்லை என்று தோன்றியது. காதில் கை வைத்தாள். கழற்றி டப்பாவில் போட்டால் இந்தப் பேச்சு நின்றுவிடும். கருவியை இன்னும் கொஞ்சம் உள்ளே அழுத்திக்கொண்டாள்.

அவர் பார்வை அவள் தோளுக்குப் பின்னால் போய் நின்றது. காது போனவர்களுக்குக் கண் சும்மா இருக்காது. பின்னால் சமையலறை வாசலில் யார் நிற்கிறார்கள் என்று திரும்பாமலே அவளுக்குத் தெரிந்தது. மத்தியானம் ஊசியைப் பிடித்தபடி பாதியில் நிறுத்திய பேச்சு எது என்பதும் தெரிந்தது. கடையே போகும்போது பின்னாடி மெஷினில் உட்காரச் சொன்னது எதற்கு என்பதுதான் தெரியவில்லை.

டெய்லரம்மா டியூப் லைட்டைப் போட்டாள். ஒரு நாற்காலியை அவருக்கு எதிரே இழுத்துத் தனக்குப் போட்டுக்கொண்டாள். இன்னொன்றை இழுத்து, நேர் வெளிச்சத்தில் போட்டாள்.

"வாம்மா" என்றாள், இன்னும் திரும்பாமலே. "மொகம் தெரியற மாதிரி வந்து உக்காரு. ரெண்டு பேரும் மொதல்லேருந்து சொல்லுங்க. ஒவ்வொருத்தரா சொல்லுங்க. ஒண்ணுமில்லன்னு மட்டும் யாரும் சொல்லாதீங்க."